குறைந்தபட்சத் தடிமன்

மைக்ரோமீட்டரின் வாயில் டிஸ்க்கைக் கொடுத்து
மெல்லத் திருகினான் ரெஜினால் வேலாயுதோன்.
இருபது புள்ளி ஒன்று.
பிறகு விளிம்புத் துருவை நகத்தால் சுரண்டினான்.
பொறித்த எழுத்து கண் விழித்தது:
குறைந்தபட்சம் இருபது.
"அதற்குக் கீழே போனால் இது டிஸ்க் இல்லை, மதாம்,
சோற்றுத் தட்டு."

வெளியே கரும்பு லாரிகள் ஆலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.
சேன்-லூயி முழுக்க வெந்த பாகின் வாடை.
என் மூக்கில் மட்டும்
செவ்வாய்க்கிழமையின் வாடை.

செவ்வாய், வியாழன், சனி.
விடியுமுன் சிலாவோஸிலிருந்து
ழெர்மேன் தேஷே அம்மாளை இறக்கி வருகிறேன்,
நானூற்றுச் சொச்சம் வளைவுகள்,
ஒற்றைவழிச் சுரங்கத்தின் வாயில் ஒரு ஹாரன்,
இரவு உருண்ட கல் எதுவும் கிடக்கிறதா என்று ஒரு பார்வை.
கீழே, அவள் ரத்தத்தைக் கழுவும் இயந்திரம்
ஐந்தரைக்கே விழித்திருக்கும்.

அந்தச் செவ்வாய், பாவியோன் இறக்கத்தில்
பெடல் என் பாதத்துக்கடியில் நடுங்கியது,
காய்ச்சல்காரன் கை மாதிரி.
பின்சீட்டிலிருந்து அவள் கேட்டாள்:
"யார் இந்நேரத்தில் துணி தேய்க்கிறார்கள்?"

மேசையில் மூன்று பெட்டிகள்.
பெயரே இல்லாத ஒன்று, பத்தொன்பது யூரோ.
அதை அவனே உள்ளே தள்ளிவிட்டான்.
செராமிக்: தூசி குறைவு, சத்தமில்லை,
மாப்பிள்ளை வீட்டார் முன் உட்காரவைக்கலாம்.
செமி மெட்டாலிக்: கத்தும், கறுப்பாய்த் துப்பும்,
சூடேறினாலும் பிடியை விடாது.

ஏறும்போது அவள் தூங்குவாள்.
ஊசி குத்திய கையை மடியில் கிடத்தி
வாய் கொஞ்சம் திறந்து.
ஒரு கிறீச் போதும், விழித்துக்கொள்வாள்.
இறங்கும்போதோ
தூங்குவதில்லை, என் பிடரியையே பார்க்கிறாள்.

கத்துவதை எடுத்துக்கொண்டேன்.

"பேட் மட்டும் போடு.
காப்பீட்டுப் பணம் பதினைந்துக்கு மேல்தான் வரும்."
அவன் வாதாடவில்லை.
புதுப் பேடைப் பழைய டிஸ்க்கின்மேல் வைத்து
வெளிச்சத்துக்கு நேரே பிடித்தான்.
நடுவே ஒரு கீற்று ஒளி.
தொடவேண்டிய இடத்தில் தொடவில்லை.

மதாம் தேஷேயை அங்கே நிறுத்துப் பார்ப்பார்கள்,
இயந்திரத்துக்கு முன், இயந்திரத்துக்குப் பின்.
உலர் எடை ஐம்பத்தொன்று என்று
அவள் அட்டையில் எழுதியிருக்கிறது.
ஐந்நூறு கிராம் கூடினாலும் தாதி கண்டுபிடித்துக் கேட்பாள்,
என்ன குடித்தீர்கள், எத்தனை கோப்பை என்று.
என் வண்டியில் ஒரு மில்லிமீட்டரில் பத்திலொன்று மிச்சமிருக்கிறது,
கேட்க யாருமில்லை.

"இரண்டு டிஸ்க்கும் எடு" என்றேன்.
ரசீதில் அடித்தான்: கரூபேன் எல்வினா, டாக்ஸி.
பாதி இன்று, பாதி பதினாறாம் தேதி.

போகும்போது ஒரு சின்னப் பொட்டலம் கிரீஸ் கொடுத்தான்,
தக்காளி சாஸ் பொட்டலம் அளவே.
சாதா கிரீஸ் ஆகாதாம், ரப்பர் உறை ஊதிவிடும்,
அவள் கணுக்கால் போல, என்று நான்தான் நினைத்துக்கொண்டேன்.
சறுக்கும் ஊசிக்கு ஒரு பூச்சு.
பேடின் காதுகளுக்கு, முதுகுக்கு, மெல்லிசாய்.
முகத்தில் பட்டால் தீர்ந்தது.
வழுக்குவதும் பிடிப்பதும் ஒரே உள்ளங்கை அகலத்தில் குடியிருக்கின்றன,
நடுவில் சுவர் கிடையாது.

ஞாயிறு மத்தியானம் எத்தாங்-சலேயின் வெறும் சாலையில்
அறுபதிலிருந்து இருபதுக்கு, முழுக்க நிறுத்தாமல்,
மறுபடி அறுபது, மறுபடி இருபது,
முப்பது தடவை.
கடற்கரைக்குப் போன பிள்ளைகள்
வண்டிக்கு விக்கல் என்று சிரித்தார்கள்.

செவ்வாய். இருட்டு. மழைத் தூறல்.
பாவியோன் இறக்கத்தில் மிதித்தேன்,
வண்டி அடங்கியது,
பாதத்துக்கடியில் நடுக்கம் இல்லை.
லேசாய் ஒரு புது வாடை மட்டும்.

"இன்றைக்கும் யாரோ தேய்க்கிறார்கள்."
"புதுத் துணி, மதாம்" என்றேன்.
கண்ணாடியில் பார்த்தேன்.
இறக்கத்திலேயே கண்ணை மூடியிருந்தாள்.